ஹென்ரியேட்டா லாக்ஸ்: ஒரே மருத்துவமனையை நம்பியிருந்த நோயாளி

உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் 'ஹீலா' எனப்படும் செல்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருகி வருகின்றன. அவற்றுக்கு உரியவரான ஹென்ரியேட்டா லாக்ஸ், கருப்பை வாய்ப் புற்றுநோயால் 1951 அக்டோபர் 4 அன்று தமது 31-ஆவது வயதில் காலமானார். செல்கள் பேசப்பட்ட அளவுக்கு, அவர் சிகிச்சைக்காகப் பட்ட பாடு பேசப்படவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ரோனோக் நகரில் 1920 ஆகஸ்ட் 1 அன்று பிறந்த ஹென்ரியேட்டா, நான்கு வயதில் தாயை இழந்தார். பிள்ளைகளை உறவினர் வீடுகளில் தந்தை பிரித்து விட்டதால், க்ளோவர் என்ற சிற்றூரில் பாட்டனாரிடம் வளர்ந்தார். ஒரு காலத்தில் அடிமைகள் குடியிருந்த மரக்குடிலே அவரது வீடு. புகையிலை வயல் வேலைக்காகப் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. 1941-இல் உறவினரான டேவிட் லாக்ஸை மணந்து, பால்டிமோர் அருகே டர்னர் ஸ்டேஷனில் குடியேறினார். கணவருக்கு எஃகு ஆலையில் வேலை, ஐந்து பிள்ளைகள்.

ஐந்தாவது குழந்தையைக் கருவுறுவதற்கு முன்பே, வயிற்றுக்குள் ஏதோ முடிச்சு இருப்பதாக அவர் உணர்ந்தார். நெருங்கிய உறவுப் பெண்களிடம் மட்டுமே அதைச் சொன்னார். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஏற்பட்டதும், உள்ளூர் மருத்துவர் முதலில் பாலியல் நோயைச் சந்தேகித்தார். அது இல்லை என்று தெரிந்த பின்னரே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அனுப்பினார். கறுப்பின ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்த பெரிய மருத்துவமனை அவ்வட்டாரத்தில் அது ஒன்றே. அங்கும் அவர்களுக்குத் தனி வார்டுதான். 1950-இல் அதே மருத்துவமனையில்தான் அவருக்குப் பிரசவம் நடந்தது. அப்போதும், ஆறு வாரம் கழித்து நடந்த பரிசோதனையிலும், கருப்பை வாயில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. 1951-இன் தொடக்கத்தில் பரிசோதித்த மருத்துவர் ஹோவர்ட் ஜோன்ஸ் கட்டியைக் கண்டார்.

அக்கால வழக்கப்படி ரேடியம் குழாய்கள் பொருத்தப்பட்டன. பின்னர் கதிர்வீச்சுக்காக நாள்தோறும் அவர் மருத்துவமனைக்கு வந்துபோனார். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. சிகிச்சைக்குப் பின் குழந்தைப் பேறு இராது என்பது அவருக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்படவில்லை. வலி தொடர்வதாக அவர் முறையிட்டபோதும், நோய் திரும்பியதற்கு அறிகுறி இல்லை என்றே கூறப்பட்டது. சில வாரங்களில் இடுப்பெலும்புப் பகுதியில் புதிய கட்டி தென்பட்டது. ஆகஸ்ட் 8-இல் சேர்க்கப்பட்டவர் வீடு திரும்பவில்லை.

நம் நாட்டிலும் கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் நகரத்துக்கு வந்து தங்க வேண்டிய கிராமத்துப் பெண்கள் பலர். இடையில் நின்றவர் மீது கவனக்குறைவு என்ற பழி எளிதில் விழுகிறது. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் கணக்கில் வருவதில்லை. ஹென்ரியேட்டாவோ கதிர்வீச்சுக்குச் சொன்னபடியெல்லாம் வந்தவர்.

ரேடியம் பொருத்தும் முன் எடுக்கப்பட்ட திசு, அவரது அனுமதியின்றி ஆய்வாளர் ஜார்ஜ் கை என்பவரிடம் சென்றது. மனித உடலுக்கு வெளியே இடைவிடாது பெருகிய முதல் மனித செல்கள் அவை. போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு அவை பயன்பட்டன. பத்திரிகைகள் அவரது பெயரை ஹெலன் லேன் என்று தவறாக வெளியிட்டன. செய்தித் தொழிலில் இருப்போர் நினைவில் வைக்க வேண்டிய பிழை அது. குடும்பத்தினருக்கு 1970-களில்தான் உண்மை தெரிந்தது.

1980-களில் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர் ஹீலா செல்களில் ஹெச்.பி.வி-18 வைரஸைக் கண்டறிந்தனர். அந்த ஆய்வுகளே 2006-இல் வந்த தடுப்பூசிக்கு வழிவகுத்தன. அதைக் கண்ட பின்னரும், 2022-இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகவும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது.

2021-இல் உலக சுகாதார அமைப்பு ஹென்ரியேட்டாவுக்கு மறைவுக்குப் பிந்தைய விருது வழங்கியது. 2023-இல் தெர்மோ ஃபிஷர் நிறுவனம் குடும்பத்தினருடன் சமரசம் செய்துகொண்டது. க்ளோவரில் அடையாளமின்றிக் கிடந்த அவரது கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2010-இல்தான் வந்தது.