சுவார்ட்ஸ் ஐயர் கையில் வந்த பணப்பை



தேவபயம் என்றதும் நம் ஜனங்களுக்கு உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் ஞாபகத்துக்கு வரும். நல்லதுதான். ஆனால் நெகேமியா 5-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அதிபதிக்குரிய படியை அவர் வாங்காமல் விட்டதற்கு ஒரு காரணம் தேவபயம். அதாவது, பணம் கைக்கு வருகிற நேரத்தில் அது வேலை செய்தது. நம்ம தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு தேவ மனுஷன் இருந்தார். அவரைப் பற்றி எழுத ஏவப்பட்டேன்.

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ல் ஜெர்மன் தேசத்தில், பிரஷ்யாவிலுள்ள சோனன்பர்க்கில் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பிறகு திருச்சி, அதன் பிறகு தஞ்சாவூர். கல்யாணம் செய்யவில்லை. தமிழ் நன்றாகப் பேசுவார். மராட்டியும் பாரசீகமும் ஊழியத்துக்காகவே படித்தார். லுத்தரன் சபைக்காரர்தான், நம்மைப் போல அந்நிய பாஷை பேசினவர் அல்ல. அதற்காக இந்தச் சாட்சியைத் தள்ளிவிட முடியுமா?

1779-ம் வருஷம். இன்றைக்கு நாம் குடியிருக்கிற தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதியெல்லாம் அப்போது பாராமகால் என்ற பேரில் ஹைதர் அலியின் கையில் இருந்தது. ஆங்கிலேயருக்கும் அவருக்கும் பகை முற்றிக்கொண்டிருந்த நேரம். சென்னை கவர்னர் ரம்போல்டு, சமாதானத் தூது போகும்படி சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டார். ஐயர் ஜெபித்து யோசித்தார். இரத்தம் சிந்துவதைத் தடுக்கலாம், போகிற வழியில் சுவிசேஷமும் சொல்லலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வழிச்செலவு தவிர யாரிடமும் எந்தப் பரிசும் வாங்குவதில்லை என்று முன்னமே தீர்மானம் பண்ணிவிட்டார். முடிவை எப்போது எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். பையைப் பார்த்த பிறகு யோசித்திருந்தால் கஷ்டம்தான்!

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் மரியாதையாகவே நடத்தினார். புறப்படும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் வைத்த பை வந்தது. தன் செலவுக்கு ஏற்கெனவே பணம் கிடைத்துவிட்டது, வேண்டாம் என்றார் ஐயர். திருப்பிக் கொண்டுபோனால் எங்கள் தலை போகும் என்று உத்தியோகஸ்தர்கள் பயந்துவிட்டார்கள். நேரில் கொடுக்கிறேன் என்றாலும் அது அரண்மனை முறைமை இல்லையாம். சரி என்று வாங்கிக்கொண்டு, நேரே சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். அப்போதும் தன் பெட்டியில் வைக்கவில்லை. தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு முதல் பணமாகப் போட்டார். அவரை அனுப்பின ரம்போல்டு மேலேயோ, முறைகேடாகப் பணம் சேர்த்ததாக பிற்பாடு இங்கிலாந்து பார்லிமெண்டிலேயே குற்றச்சாட்டு வந்தது.

கன்வென்ஷனுக்குப் போய் வருகிற ஊழியக்காரர்களே, இரண்டு சபை ஒரே பயணத்துக்கு இரண்டு வழிச்செலவுக் கவர் கொடுத்தால் என்ன செய்கிறோம்? பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடையை எடை போடுகிற சகோதரனுக்கும் அந்தப் பை ஒரு நாள் வரத்தான் செய்யும், வேறு ரூபத்தில்.

சமாதானம் நிற்கவில்லை. 1780-ல் ஹைதர் கர்நாடகத்துக்குள் படையோடு வந்துவிட்டார். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். காலையில் தெருவில் பிணங்கள் கிடந்தன. நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தும், கொண்டுவர மாடு கிடைக்கவில்லை. ராஜாவின் வாக்கையும் ஆங்கிலேயரின் வாக்கையும் ஜனங்கள் நம்பவில்லை, ஏற்கெனவே ஏமாந்தவர்கள். கடைசியில் சுவார்ட்ஸ் ஐயர் தன் பேரில் கடிதம் எழுதினார், நானே என் கையால் பணம் தருகிறேன் என்று. இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. உபதேசியாரும் விசுவாசிகளும் கிராமம் கிராமமாகப் போய் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்த்தார்கள். சொன்னபடியே எல்லாருக்கும் பணம் கொடுத்தார். அந்த 300 ரூபாய் விஷயத்தில் நடந்துகொண்ட மனுஷன்தானே! ஜனங்கள் சும்மா நம்பவில்லை.

1787-ல் சாகும் தறுவாயில் துளஜா ராஜா, தத்துப்பிள்ளை சரபோஜியை அவர் பாதுகாப்பில் ஒப்புவித்தார். சித்தப்பா அமர்சிங் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினபோது, ஐயர் முயற்சி எடுத்து 1793-ல் சென்னைக்குக் கூட்டிப்போனார். 1798 பிப்ரவரி 13-ந் தேதி கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். தனக்கென்று இருந்ததையும் ஊழியத்துக்கே எழுதி வைத்திருந்தார். அதே வருஷம் சரபோஜி சிங்காசனம் ஏறினார். அவர் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனாலும் லண்டனிலிருந்து சலவைக்கல் சிற்பம் வரவழைத்து தஞ்சாவூர் ஆலயத்தில் வைத்தார். கல்லறைக் கல்லுக்கான ஆங்கிலக் கவிதையை மகாராஜாவே எழுதினார்.