யோசேப் பிரௌன்கோபர் (1787–1826)

மாணவர்களே, 1801 இல் ஜேர்மனியின் மியூனிச் நகரில் வீடொன்று இடிந்து வீழ்ந்தது. இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்ட சிறுவனே பிரௌன்கோபர். பெற்றோரை இழந்து கண்ணாடிப் பட்டறையில் தொழில் பழகிய அவனுக்கு, எஜமானர் வாசிக்கவும் தடை விதித்திருந்தார். மீட்பு நடந்த இடத்திற்கு வந்த ஆட்சியாளர் மாக்சிமிலியன் வழங்கிய பணமே கல்விக்கு வழி திறந்தது.

தூய கண்ணாடி வார்ப்பதில் வல்லவரான அவர், 1814 இல் சூரிய நிறமாலையில் 500 இற்கு மேற்பட்ட கருங்கோடுகளைக் குறித்தார். அவற்றின் அலைநீளத்தை அறிய அரியம் போதவில்லை. எனவே 1821 இல் 260 மெல்லிய கம்பிகளைச் சமாந்தரமாக நெருக்கிக் கட்டிக் கோணல் நெய்யரி அமைத்தார். கம்பிகளின் இடைத்தூரத்தையும் ஒளி விலகிய கோணத்தையும் அளந்து அலைநீளத்தைக் கணித்தார்.

கவனியுங்கள்: அரியத்தில் ஊதாவே கூடுதலாக விலகும், நெய்யரியில் சிவப்பு. உங்களில் பலர் புள்ளியை இழப்பது இங்கேதான்!

காசநோயால் 39 வயதிலேயே காலமானார்.