‘மாணவன்’ என்று ஒப்பமிட்ட பேரறிஞர்

இலண்டன் மாநகரின் வடமேற்கே, நம்மவர் பலர் குடியிருக்கும் வெம்பிளிக்கும் அல்பேட்டனுக்கும் அண்மையில், பார்க் ரோயல் என்னும் தொழிற்பேட்டை உண்டு. அங்கே 1936இல் இயங்கத் தொடங்கி 2005இல் மூடப்பட்ட கின்னஸ் பியர் ஆலையின் உற்பத்திப் பொறுப்பை ஏற்பதற்காக டப்ளினிலிருந்து வந்தவர் வில்லியம் சீலி கொசெற் என்னும் ஆங்கிலேயர். இரு கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிட்டு, அவற்றிடையே காணப்படும் வேறுபாடு மெய்யானதா, தற்செயலானதா என்று தீர்மானிக்கும் கணித முறைக்கு வித்திட்டவர் இவரே. பள்ளி மலரிலே பியர் ஆலையின் கதையா என்று பெற்றோர் முகஞ்சுளிக்க வேண்டாம். ஆலையின் வாசலோடு நாம் நின்றுகொள்வோம். நமக்கு வேண்டியது அதன் கணக்குப் புத்தகமே.

கொசெற் 1876ஆம் ஆண்டு யூன் 13ஆம் திகதி கன்ரபரி நகரில், இராணுவப் பொறியியற் படையின் அதிகாரி ஒருவருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். தந்தையின் வழியிற் செல்லவே விரும்பினார். கண்பார்வைக் குறைவு தடுத்துவிட்டது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இரசாயனமும் கற்றுத் தேறி, 1899இல் டப்ளின் கின்னஸ் ஆலையிற் சேர்ந்தார்.

அக்காலத்தில் அவ்வாலையார் பல்கலைக்கழகப் பட்டதாரிகளை அமர்த்தித் தமது தொழிலை விஞ்ஞான முறைப்படி நடத்த முற்பட்டிருந்தனர். எந்த வகை வாற்கோதுமை கூடிய விளைச்சல் தரும், எந்த மண்ணுக்கு எது ஏற்றது என்பன அவர்களது கேள்விகள். விடை காண்பது எளிதன்று. ஒரு போகம் முடிய ஓராண்டு செல்லும். ஆண்டொன்றுக்குக் கிடைப்பவை நான்கைந்து வயற்றுண்டுகளின் விளைச்சற் கணக்குகளே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது நமது அடுக்களை வழக்கம். பானைச் சோறு ஒரே நெருப்பில் வெந்தது. ஆகவே அது பொருந்தும். வயல்கள் அப்படியல்ல. மேட்டு நிலம் ஒன்று, பள்ள நிலம் ஒன்று. ஓரிடத்தில் மழை, மற்றோரிடத்தில் வெயில்.

அந்நாளில் புள்ளிவிபரவியலின் தலைமகனாக விளங்கியவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கார்ல் பியர்சன். அவருடைய முறைகள் நூற்றுக்கணக்கான அளவீடுகள் உள்ளபோதே செம்மையாகப் பொருந்துவன. கொசெற் 1905இல் அவரைச் சந்தித்தார். 1906, 1907 ஆண்டுகளில் அவரது ஆய்வுகூடத்தில் தங்கிக் கற்றார். ஆனால் தம்முடைய வினாவுக்கான விடையை அவர் தாமே தேட வேண்டியிருந்தது.

அத்தேடலில் அவர் கையாண்ட வழி மாணவர்கள் அறிய வேண்டியது. சிறைக்கைதிகள் 3000 பேரின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் முன்னரே அளந்து வெளியிடப்பட்டிருந்தன. அவற்றை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகளை அமைத்தார். ஒவ்வொரு மாதிரிக்கும் சராசரியையும் நியம விலகலையும் கணித்தார். கணினி இல்லாத காலம்! தாம் ஊகித்துப் பெற்ற பரம்பல் இக்கணக்குகளோடு பொருந்துவதைக் கண்டார். மாதிரி சிறியதானால், அதிலிருந்து பெறும் நியம விலகலும் நம்பத்தக்கதன்று. எனவே தீர்ப்புக் கூறுமுன் கூடிய எச்சரிக்கை வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை எண்ணாற் சொல்லும் அட்டவணையை அவர் 1908இல் பயோமெற்றிக்கா என்னும் ஆய்விதழில் வெளியிட்டார்.

கட்டுரையின் தலைப்பில் அவருடைய பெயர் இல்லை. தொழில் இரகசியங்கள் வெளியேறிவிடும் என அஞ்சிய ஆலையார், தம் ஊழியர் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை அனுமதிக்கவில்லை. ஆகவே அவர் ‘மாணவன்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே புனைபெயராகக் கொண்டார். இன்றும் பாடநூல்களில் அப்பெயரே நிற்கிறது.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். சனிக்கிழமை வகுப்பு மாணவர் நால்வர் 30க்கு 24, 26, 28, 30 எனப் புள்ளி பெற்றனர் என்றும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மாணவர் நால்வர் 20, 22, 24, 26 பெற்றனர் என்றும் கொள்வோம். சராசரிகள் 27, 23; வேறுபாடு 4. சனிக்கிழமை ஆசிரியரே சிறந்தவர் என்று சொல்லிவிடலாமா? முதலில், இரு வகுப்புகளுக்கும் உண்மையில் வேறுபாடு இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதுவே சூனியக் கருதுகோள். அடுத்து, புள்ளிகளின் சிதறலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 20 வரும். இரண்டையும் சேர்த்த 40ஐ 6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.67. (மாணவர் எட்டுப் பேர், இரு சராசரிகளுக்காக இரண்டைக் கழித்தால் ஆறு.) இதனை ஒவ்வொரு வகுப்புக்கும் 4ஆல் வகுத்துக் கூட்டினால் 3.33, அதன் வர்க்கமூலம் 1.83. வேறுபாடாகிய 4ஐ இதனால் வகுக்க 2.19 கிடைக்கும். பெரிய மாதிரிகளுக்குரிய பழைய முறைப்படி 1.96ஐத் தாண்டினாற் போதும். வேறுபாடு மெய்யென்று சொல்லிவிடுவர். கொசெற்றின் வழிவந்த அட்டவணையோ, இத்தனை சிறிய கூட்டங்களுக்கு 2.45ஐத் தாண்ட வேண்டும் என்கிறது. தற்செயலினால் மட்டும் அவ்வளவு பெரிய எண் கிடைப்பது இருபதுக்கு ஒரு தடவையே. ஆகவே 2.19 போதாது. இரு வகுப்புகளும் சமம் என்பதன்று இதன் பொருள். தீர்ப்புக் கூறச் சான்று போதவில்லை என்பதே.

நாம் ஊரிலே கற்பித்த காலத்தில், இரு வகுப்புகளின் சராசரிகள் மூன்று நான்கு புள்ளிகளால் வேறுபட்டதைக் காட்டி, ஓர் ஆசிரியரிடமிருந்து பாடத்தைப் பறித்ததை நேரிற் கண்டிருக்கிறோம். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், புள்ளிகள் எவ்வளவு சிதறியிருந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

தனித்தனியான இரு கூட்டங்களை ஒப்பிடும் இவ்வடிவத்தை நிறைவாக்கியவர் ரொனால்ட் பிஷர் என்பதையும் இங்கு கூறவேண்டும். கொசெற்றின் 1908 கட்டுரையில் உள்ள புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, பத்து நோயாளர்களுக்கு இருவகைத் தூக்க மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. அங்கே கூட்டம் ஒன்றே. ஒவ்வொருவரும் இரு மருந்துகளையும் உட்கொண்டவர். வேறு வேறு ஆட்களைக் கொண்ட கூட்டங்களுக்கு அக்கணக்கு அப்படியே செல்லாது. கேம்பிரிட்ஜில் கற்ற இளைஞரான பிஷர், கொசெற்றின் கட்டுரையில் குறையாக இருந்த கணித நிறுவலை 1912இல் எழுதி அவருக்கு அனுப்பினார். அது தமக்கு முற்றாக விளங்காதபோதும் கொசெற் அதனைப் பியர்சனிடம் சேர்ப்பித்தார். பியர்சன் பொருட்படுத்தவில்லை. பின்னர் 1925இல் பிஷர் வெளியிட்ட நூலே இச்சோதனையை உலகெங்கும் பரப்பியது. ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தால் அதனை ‘ரி’ சோதனை என்பர்.

பியர்சனும் பிஷரும் தீராப் பகைவராயினர். கொசெற்றோ இருவருக்கும் நண்பர். பிஷரோடும் அவர் கருத்து மோதினார்: வயற்றுண்டுகளுக்கு எழுமாறாக வகைகளை ஒதுக்க வேண்டும் என்றார் பிஷர், மண்ணின் போக்கை அறிந்து சமன்செய்து ஒதுக்குவதே மேல் என்றார் கொசெற். இவ்வாதம் கொசெற்றின் இறுதிக்காலம் வரை நீடித்தது; நட்பும் நீடித்தது. அறிவுலகில் இது எளிதிற் காணக்கூடியதன்று என்பது நமது எண்ணம்.

ஓய்வு நேரங்களில் தச்சு வேலை செய்தார், படகு கட்டினார், மீன் பிடித்தார், தோட்டஞ் செய்தார். 1937ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் திகதி, தமது 61ஆம் வயதில், மாரடைப்பினாற் காலமானார். 1939இல் அவரைப்பற்றி நினைவுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் பிஷர். மற்றொன்றை எழுதியவர் கார்ல் பியர்சனின் மகன் ஈகன் பியர்சன்.