ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும் உடுவிலின் பழைய சுவர்களும்

யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி பெற்ற எவரும் நன்றியோடு நினைக்கவேண்டியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். நாம் உடுவில் மாணவிகள் அல்லர்; ஆயினும் எமது பாடசாலையும் அவர் திறந்த வழியில் வந்ததே.

அம்மையார் 1796ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெற்றிகற் மாநிலத்து நோர்விச் நகரிற் பிறந்தார். 1819இல் மைரன் வின்ஸ்லோ பாதிரியாரை மணந்து, அவ்வாண்டே பொஸ்ரனிற் கப்பலேறி, 1820இல் உடுவிலிற் குடியேறினார்.

அமெரிக்க மிஷனாருக்கு இங்கு கிடைத்தவை போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பயன்படுத்திக் கைவிட்ட கோவில்களும் குருமனைகளுமே. பலவற்றிற் கூரை போய்ச் சுவர்களே எஞ்சியிருந்தன. அவற்றை இடித்தொழிக்காது, வெடிப்புகளை அடைத்து, பனைமர வளையும் சிலாகையும் ஏற்றி, ஓலை வேய்ந்து வாழத்தக்கவை ஆக்கினர்.

சுவரைத் திருத்துவதிலும் ஊர் வழக்கத்தைத் திருத்துவது கடினமாயிருந்தது. பெண்பிள்ளையைப் படிக்க விடுவது அன்று கேலிக்குரியது. இடியும் மழையுமான ஒரு மாலையில் வீடு திரும்ப முடியாத இரு சிறுமியரை அம்மையார் உணவளித்துத் தங்கவைத்தார் என்றும், அதுவே விடுதிக்குத் தொடக்கம் என்றும் வழிவழியாகச் சொல்வர். 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை முறையாக ஆரம்பமாயிற்று. பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் தைக்கவும் கற்றனர்.

அம்மையாரின் சகோதரியர் மூவரும் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பணியாற்றினர். படிப்பிற்காக அமெரிக்கா அனுப்பிய மகன் சார்ள்ஸ் அங்கே இறந்தான். அத்துயர் ஆறுமுன், 1833 ஜனவரி 14இல், தம் 36ஆவது வயதில் அம்மையார் உடுவிலிற் காலமானார். பாடசாலை நின்றுவிடவில்லை. ஸ்போல்டிங் தம்பதியர் அதனைக் காத்தனர். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனை வளர்த்து, ஆயிரம் பெண்களின் தாய் எனப் பெயர் பெற்றார்.

இவ்வரலாற்றை இம்மலரில் நினைவுகூரக் காரணம் உண்டு. எமது பழைய மண்டபத்தின் சுவர்கள் வெடித்து, வளைகளைக் கறையான் அரித்தபோது, இடித்துப் புதிதாகக் கட்டுவோம் என்று எம்மிற் பலர் எண்ணினோம். அது இலகுவான வழிதான். ஆனால் முருகைக்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்ட அச்சுவர்கள் இன்னும் பாரம் தாங்கும் என்று தெரிந்தபின் எண்ணத்தை மாற்றினோம். சீமெந்து பூசினால் ஈரம் சுவருக்குள் தங்கிவிடும். ஆகவே சுண்ணச்சாந்தாலேயே வெடிப்புகளை நிரப்பவும், எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பிகளாற் பிணைக்கவும், பழுதான வளைகளை மட்டும் மாற்றவும் தீர்மானித்துள்ளோம். மெதுவான வேலை; செலவும் குறைவன்று.

உடுவிலில் எஞ்சியிருந்த சுவர்களின்மேல் ஒரு கூரை ஏறியதாலேயே மழையில் நின்ற பிள்ளைகளுக்கு ஒதுங்க இடம் கிடைத்தது. எமது மண்டபக் கூரையின்கீழ் ஒதுங்கிப் படித்தவர்கள் நாம். எந்த நாட்டில் வாழ்ந்தாலும், அடுத்த நூற்றாண்டின் பிள்ளைகளுக்கு அக்கூரையை உறுதியாக ஒப்படைப்பது எம் அனைவரதும் கடன்.