கட்சிக்கும் ஆட்சிக்கும் நடுவே காமராசர்

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்த காமராசர், சிறு வயதிலேயே தந்தையை இழந்து, படிப்பையும் இடையில் நிறுத்தியவர். காங்கிரசுத் தொண்டராய் உழைத்து, 1940இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானார்.

தேர்தலில் வேட்பாளரை நிறுத்துவது கட்சி. முதலமைச்சரைத் தேர்ந்தெடுப்பதோ வெற்றி பெற்ற சட்டமன்ற உறுப்பினர்கள். இவ்விரு தரப்பில் யார் சொல் செல்லும்? இக்கேள்வி அவர் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

1954இல் இராஜாஜி பதவி விலகியதும், கட்சித் தலைவரான காமராசர் சட்டமன்றக் கட்சியின் வாக்கெடுப்பைச் சந்தித்தார். சி. சுப்பிரமணியத்தை வென்று முதலமைச்சரானார். தோற்றவரையே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மையை எண்ணி நாம் வியக்கிறோம். ஏழைச் சிறார்க்குப் பள்ளியில் மதிய உணவு தந்த ஆட்சி அது.

1963 அக்டோபர் 2ஆம் நாள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்பினார். மறு ஆண்டே அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1966இல் நாடாளுமன்றக் கட்சியின் வாக்கெடுப்பில், அவர் ஆதரித்த இந்திரா காந்தி 355 வாக்குகள் பெற்றுப் பிரதமரானார். ஆனால் 1969இல் கட்சி பிளந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்திராவின் பக்கம் சென்றனர். காமராசர் அமைப்பின் மூத்த தலைவர்களோடு நின்றார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார்.

தோற்றவரை அணைத்துக்கொண்டபோது கட்சி வலுப்பெற்றது. இரு தரப்பும் விட்டுக்கொடுக்க மறுத்தபோது பிளந்தது. நம் வகுப்பிலும் மன்றங்களிலும் தேர்தல் நடக்கும்போது இதனை நாம் நினைவில் கொள்வோமாக!