எம்.ஜி.ஆர். எடுக்காத படமும் நாவலப்பிட்டியும்

‘கிழக்கு ஆபிரிக்காவில் ராஜு’ என்ற படத்தை எம்.ஜி.ஆர். எடுக்கவேயில்லை. 1973 மே 11ஆம் திகதி வெளியான ‘உலகம் சுற்றும் வாலிபன்’ முடியும்போது, அடுத்த படமாக அந்தப் பெயர் திரையில் வந்தது. மின்னலின் சக்தியைச் சேமிக்கும் வழியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி முருகன், அதைத் தீயவர்கள் கையில் சிக்கவிடாமல் காக்கப் பாடுபடுகிறார். அவரைத் தேடித் தம்பி ராஜு நாடு நாடாக அலைகிறான். இரண்டு வேடமும் எம்.ஜி.ஆருக்கு, தயாரிப்பும் இயக்கமும் அவரே. நான்கு வருடங்களில் அவர் முதலமைச்சரானார், ராஜு அப்படியே நின்றுவிட்டான். 2018 ஜனவரி 17, அவருடைய பிறந்தநாளில், அதே பெயரில் அனிமேஷன் படமொன்றைச் சென்னையில் ரஜினியையும் கமலையும் அழைத்துத் தொடக்கிவைத்தார்கள்.

ஆள் இறந்து முப்பது வருடமாகியும் அடுத்த பாகம் கேட்கிறார்கள். எனக்கு முன்கதையில்தான் ஆர்வம். அது நம்மூரில் இருக்கிறது.

1917 ஜனவரி 17ஆம் திகதி, கோபாலமேனன் – சத்தியபாமா தம்பதியின் பிள்ளையாக நாவலப்பிட்டியில் பிறந்தார் எம்.ஜி.ராமச்சந்திரன். அந்த ஸ்டேஷனைத் தாண்டினால் வட்டவளை, ஹட்டன் என்று தேயிலை மலைகள்தான். குடும்பம் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளக் குடும்பம். கொழுந்து பறிக்க வந்தவர்கள் அல்லர். மலையகத்தில் சிலர் ஆசையில் அவரை லயத்துப் பிள்ளையாகவே ஆக்கிவிடுவார்கள். அப்படிச் சொல்லத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சிறுவயதிலேயே தந்தை போய்விட்டார். தாய் கும்பகோணத்தில் பிள்ளைகளை வறுமையோடு வளர்த்தார். அண்ணன் சக்கரபாணியும் அவரும் நாடகக் கம்பனியில் சேர்ந்தது வயிற்றுக்காகத்தான்.

முதல் படம் 1936இல் வந்த ‘சதிலீலாவதி’. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கியது. கதாநாயகன் கொலை செய்துவிட்டதாக நினைத்து இலங்கைக்கு ஓடிவந்து, தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறான். அந்த வேடம் எம்.கே.ராதாவுக்கு. நாவலப்பிட்டியில் பிறந்தவருக்குக் கிடைத்தது சின்னப் பொலிஸ் வேடம்.

1963இல் ‘கலை அரசி’. வேற்றுக் கிரகத்தவர்கள் பூமிக்கு வந்து, பாட்டுப் படிக்கும் பெண்ணான பானுமதியைக் கடத்திப் போகிறார்கள். எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்துக்கே போய் மீட்டு வருகிறார். செட்டும் கலமும் இன்று சிரிப்பூட்டும். ஆனாலும் தமிழில் விண்வெளிக்குப் போன முதல் கதாநாயகன் அவர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

படம் வந்து அடுத்த வருடம், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்குபோட்டன. இந்த மக்கள் நாடற்றவர்களானது 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால். இங்கே பிறந்தது மட்டும் அந்தச் சட்டத்துக்குப் போதவில்லை. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். கோபாலமேனன் கேரளத்தில் பிறந்தவர். சத்தியபாமா நாவலப்பிட்டியிலேயே தங்கியிருந்தால், அவருடைய மகனும் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டு, பதிலுக்குக் காத்திருந்திருப்பார்.

இந்தியாவிலும் அவரைச் சும்மா விடவில்லை. அரசியல் எதிரிகள் மலையாளி என்றார்கள். அதையும் மீறி 1977 தொடக்கம் மூன்று தேர்தல்களில் வென்றார்.

1983க்குப் பிறகு போராளிகளுக்கு அவர் செய்த உதவியை வடக்கு கிழக்கில் இன்றைக்கும் நன்றியோடு பேசுகிறார்கள். அதைப்பற்றிப் புத்தகங்களே உண்டு. ஆனால் அவர் முதலமைச்சராக இருந்த அதே வருடங்களில், தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்ட மலையகக் குடும்பங்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். இங்கே இந்தியாக்காரன் என்று கேட்டவர்கள், அங்கே சிலோன்காரன் என்று கேட்டார்கள். 1984இல் யுத்தம் அந்தக் கப்பலை நிறுத்தியது.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24ஆம் திகதி இறந்தார். அப்போது இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. கப்பல் நின்றதால் போக முடியாமல், இந்தியக் கடவுச்சீட்டோடு தோட்டங்களிலேயே தங்கிவிட்டவர்களும் அப்போது இருந்தார்கள்.