பனியை நம்பிப் பயணம் செய்த நான்சன்

கப்பல் பனியில் சிக்கினால் பேராபத்து என்றுதான் நான் எண்ணியிருந்தேன். நார்வே நாட்டின் ஃபிரிட்ஜோஃப் நான்சனோ வேண்டுமென்றே தம் கப்பலைப் பனியில் சிக்கவைத்தார்.

1861இல் பிறந்த அவர் விலங்கியல் படித்தவர். 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனி நொறுக்கி மூழ்கடித்த ‘ஜெனட்’ கப்பலின் பொருள்கள், 1884இல் கிரீன்லாந்துக் கரையோரம் கிடைத்தன. ஆர்க்டிக் பனி நகர்கிறது என்பதை அதிலிருந்து உணர்ந்தார் நான்சன். அவரது திட்டத்தை அனுபவசாலிகள் பலர் ஏளனம் செய்தனர். அவர் பின்வாங்கவில்லை.

பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலெழும்படி, உருண்ட அடிப்பகுதியுடன் ‘ஃபிராம்’ கப்பலைக் கட்டச் செய்தார். 1893இல் 12 பேருடன் புறப்பட்டார். 1895இல் ஒரே ஒரு துணைவருடன் கப்பலைவிட்டு இறங்கி, வடதுருவத்தை நோக்கி நடந்தார். துருவத்தை எட்டமுடியாமல் திரும்பினார். ஆனால் 1896இல் பதின்மூவரும் உயிருடன் நாடு திரும்பினர். பின்னாளில் அகதிகளுக்காக உழைத்து, 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1930இல் மறைந்தார்.

பனியோடு மிதந்து கடக்க ஃபிராமுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. 2006இல் அதேபோல் மிதந்த ‘தாரா’ கப்பலுக்குச் சுமார் 500 நாள்களே போதுமானதாக இருந்தது. மெலிந்த பனி வேகமாக நகர்கிறது. வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். பனி விலகிய கருங்கடல் வெப்பத்தை உள்வாங்கி, மேலும் பனியை உருக்கும்.

நான்சன் நம்பிய பனி இன்று நிலைகுலைகிறது. சான்றுகளைக் கண்டு துணிந்து செயல்பட்டார் அவர். நாம் எப்போது செயல்படுவோம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.